நரம்பில் முறுக்கு ஏறாமல்: அரியநாயகிபுரம் முதல் உவரி வரை

திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால் சேரன்மகாதேவிக்கு ரொம்ப நேரம் ஆகாது. தை மாதக் கடைசி. ஜன்னலுக்கு வெளியே பிசானப் பயிர் கதிர் பிடித்து நின்றது, நடு நடுவே வாழைத்தோட்டம். மேல்தட்டில் இரண்டு துண்டாகக் கழற்றி உறையில் போட்ட தூண்டில் ராடுகள். கூட வந்தவன் என் மாமா மகன். தூண்டில் நரம்பைச் சுற்றுகிற புது ஸ்பின்னிங் ரீல் வாங்கி, ட்ராப் ஷாட் என்கிற தூண்டில் முறையை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவன். ரயில் பேட்டை தாண்டியதுமே ஆரம்பித்துவிட்டான்.

"அத்தான், முடிச்செல்லாம் சரியாத்தான் போடுதேன். நாலு வீச்சு வீசுனா போதும், நரம்பு சுருண்டு சுருண்டு வருது. நரம்பு மட்டமோ?"

நரம்பில் குறை இல்லை. ட்ராப் ஷாட் பழகுகிற எல்லோருக்கும் முதலில் வருகிற தொல்லை இதுதான். பாதிப் பேர் நரம்பை மாற்றுகிறார்கள், மீதிப் பேர் அந்த முறையையே விட்டுவிடுகிறார்கள். இத்தனை நல்ல முறையை முறுக்குக்காக ஒருவர் கைவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அதனால்தான் இந்தப் பயணத்தை எழுதும்போது மீனைவிட நரம்பைப் பற்றி அதிகம் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வழக்கமான தூண்டிலில் ஈயம் மேலே, முள் கீழே. ட்ராப் ஷாட்டில் ஈயம் நரம்பின் நுனியில் தரையைத் தொட்டு நிற்கும். அதற்கு ஒரு சாண், ஒரு முழம் மேலே முள், கூர் மேலே பார்க்க, நரம்பிலிருந்து நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஈயம் அசையாமல் இருக்க, இரை மட்டும் தரைக்கு மேலே மிதந்து துடிக்கும். ஜப்பானில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் வளர்த்தெடுத்து, பிறகு அமெரிக்காவுக்குப் போய்ப் பேர் வாங்கிய முறை. ஆனால் ஈயம் அடியில், முள் மேலே என்கிற வரிசை நம் கடற்கரைக் கைத்தூண்டிலுக்கும் புதிதல்ல.

சேரன்மகாதேவியில் இறங்கி, டீ குடித்துவிட்டு, ஆட்டோ பிடித்து அரியநாயகிபுரம் அணைக்கட்டுப் பக்கம் போனோம். தாமிரபரணியில் இருக்கிற எட்டு அணைக்கட்டுகளில் மேலிருந்து நான்காவது இது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் மூன்றும் இதற்கு மேலே. அணைக்கட்டுக்கு மேல்புறம் தண்ணீர் தேங்கி அசையாமல் கிடக்கும், கீழ்ப்புறமும் கால்வாயிலும் ஓடும். நரம்பைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் எண்ணம். ஏன் என்பது பின்னால் வரும். மீன்பாசி குத்தகை இருக்கிறதா, எந்தப் பக்கம் உட்காரலாம் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டுதான் உறையைப் பிரித்தோம். பாபநாசம் படித்துறையில் மீனுக்குப் பொரி போடுவார்கள், அங்கே தூண்டில் எடுக்கவே கூடாது. அதற்கு மேலே முண்டந்துறைக் காட்டுக்குள்ளும் அப்படியே.

முதலில் மாப்பிள்ளையின் நரம்பைச் சோதித்தோம். ரீலிலிருந்து இரண்டடி இழுத்து, இரண்டு கையிலும் பிடித்து, கைகளை மெதுவாக ஒன்றுக்கொன்று பக்கத்தில் கொண்டுவந்தால் போதும். நல்ல நரம்பு வளைந்து தொங்கும். முறுக்கு ஏறிய நரம்பு, கயிறு திரிக்கிறவர் இழையைத் திருகித் தளர்த்தினால் தானே சுற்றிக்கொள்ளுமே, அது மாதிரி சுற்றிக்கொள்ளும். அவனுடையது கை அருகில் வருவதற்குள் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றிக்கொண்டது. இந்த நிலையில் வீசினால், நரம்பைப் பிடித்திருக்கிற பெயில் கம்பியைத் திறந்த மாத்திரத்தில், நரம்பு சுற்றியிருக்கிற ஸ்பூலிலிருந்து தளர்ந்த சுருள் சுருளாகக் கிளம்பி ராடின் முதல் வளையத்திலேயே சிக்கு விழும்.

சரி, முறுக்கு எங்கே ஏறுகிறது? மருத மர வேர் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில் ஆழம் இடுப்பளவு, மணல் தெரிகிற தெளிவு. அங்கே காலடியில் தூண்டிலை இறக்கிக் கரையோரமாகவே மெதுவாக இழுக்கச் சொன்னேன். அவன் ரப்பர் புழுவை மூக்கில் கோத்திருந்தான், ஆனால் நடுவில் இல்லை, ஒரு நெல்மணி அகலம் இடப்பக்கம் தள்ளி. மெதுவாக இழுத்தபோது புழு ஒழுங்காக வந்தது. கொஞ்சம் வேகமாகச் சுற்றியதும் அதன் வெளுத்த வயிறு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. நரம்பையே அச்சாக வைத்துப் புழு சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு சுழற்சியும் நரம்பில் ஒரு முறுக்கு. இருபது மீட்டர் தள்ளி வீசி, இரை மாற்றுவதற்காக அவசரமாகச் சுற்றி எடுக்கும்போது எத்தனை முறுக்கு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

புழுவைக் கழற்றி, சரியாக நடு மூக்கில், உடம்பின் கோட்டுக்கு நேராகக் கோத்து மறுபடி இழுத்தோம். வயிறு கீழேயே இருந்தது. மண்புழு கோத்தாலும் இதே விதி. முள்ளில் பாதியும் வெளியே பாதியும் தொங்கவிட்டால் நிச்சயம் சுழலும், தலைப்பக்கம் மட்டும் குத்தி நேராகத் தொங்கவிட்டால் சுழலாது. இறால் வைக்கிறவர்கள் வளைந்த இறாலை அப்படியே மாட்டாமல், வாலை நறுக்கிவிட்டு நேராக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு இரைக்கும், வீசுவதற்கு முன் காலடியில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பது என் கட்டாய வழக்கம். மீன் காத்திருக்கும், பரவாயில்லை.

அடுத்தது ஸ்விவல், இரண்டு முனையும் தனித்தனியாகச் சுழலும் சின்ன இணைப்பு. ட்ராப் ஷாட் ஈயத்தின் தலையில் சின்ன ஸ்விவல் இருக்கிறதே, அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அது ஈயத்தின் சுழற்சியை மட்டும்தான் தடுக்கும். முள் நடு நரம்பில் பாலோமர் முடிச்சில் இறுகி இருப்பதால், இரை சுழலும்போது முள்ளுக்கு மேலே இருக்கிற நரம்பு முழுவதும் அதோடு சேர்ந்து திருகும். அதனால் ரீல் நரம்புக்கும், முள் கட்டுகிற நுனி நரம்பான லீடருக்கும் நடுவே இன்னொரு குட்டி ஸ்விவல் வேண்டும். நான் முள்ளுக்கு மேலே ஒன்றரை அடி முதல் இரண்டு அடிக்குள் கட்டுவேன். ரீலில் மெல்லிய பிரெய்டு என்கிற பின்னல் நரம்பு, ஸ்விவலுக்குக் கீழே 6 அல்லது 8 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பு. ஸ்விவல் சின்னதாக இருக்க வேண்டும், பெரிது கட்டினால் அதன் எடையே நரம்பைத் தொய்ய வைத்து மீன் தொடுவதைக் கையில் தெரியாமல் செய்துவிடும். சுற்றி எடுக்கும்போது ஸ்விவல் ராடு நுனி வளையத்தில் முட்டும் முன் நிறுத்திவிடுங்கள். வளையத்துக்குள் இருக்கிற பீங்கான் விளிம்பு ஒரு தடவை உடைந்தால் அப்புறம் அதுவே நரம்பை அறுக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. முள்ளோடு சேர்த்தே மேலும் கீழும் ஸ்விவல் வைத்து வருகிற ட்ராப் ஷாட் முள். முள் நரம்பைச் சுற்றித் தாராளமாகச் சுழலும், நரம்பு திருகாது. விலை கூடுதல்தான். பாறையிலும் வேரிலும் மாட்டி இழக்கிற இடங்களில் அதைப் போட எனக்கு மனம் வராது. திறந்த மணல் தரைக்கு அருமையானது.

மாப்பிள்ளை ஸ்விவல் கட்டி, புழுவை நேராகக் கோத்து வீசினான். கொஞ்ச நேரத்தில் ஒரு ஜிலேபி மீன் மாட்டியது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் ஸ்பூல் வழுக்கி நரம்பை விடுகிற பிடியை, தளர்வாக வைத்திருந்தான். மீன் இழுக்க இழுக்க டிராக் கிர்ரென்று வழுக்க, அவன் விடாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். முறுக்கின் பெரிய ஊற்று இதுதான், ஸ்விவல் எதுவும் இதைத் தடுக்காது. ரீலில் 5.2:1 என்று போட்டிருந்தால், கைப்பிடி ஒரு சுற்றுக்கு, நரம்பை ஸ்பூலில் சுற்றுகிற ரோட்டர் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றுகிறது என்று பொருள். டிராக் வழுக்கும்போது நரம்பு உள்ளே வருவதில்லை, ரோட்டர் மட்டும் சுற்றுகிறது. கைப்பிடியைப் பத்துத் தடவை சுற்றினால் நரம்பில் 52 முறுக்கு. டிராக் சத்தம் கேட்டால் கை நிற்க வேண்டும். மீன் நின்றதும் ராடை மேலே தூக்கி, இறக்கும்போது மட்டும் சுற்ற வேண்டும். "மீன் போயிராதா அத்தான்?" என்றான். ராடு வளைந்து இருக்கிற வரைக்கும் போகாது.

கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை மூடுகிற பழக்கத்தையும் விடச் சொன்னேன். ஈயம் தரை தொட்டதும் கையால் கம்பியை மூடி, நரம்பை விரலால் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிவிட்டு அப்புறம் சுற்ற ஆரம்பித்தால் தளர்ந்த முதல் வளையம் ஸ்பூலில் போய் உட்காராது.

ஏற்கெனவே ஏறியிருக்கிற முறுக்கை என்ன செய்வது? அதற்குத்தான் ஓடுகிற தண்ணீர். நான் நரம்பை வெட்டிக்கொண்டிருந்தபோது, கால்வாயில் மாட்டைக் குளிப்பாட்டிவிட்டுக் கரையேறிய அண்ணாச்சி ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, நரம்பு முறுக்கிக்கிட்டா? முள்ளு, ஈயம் எல்லாத்தையும் அவுத்துப் போட்டுட்டு வெறும் நரம்ப ஓட்டத்துல விடுங்க. தண்ணியே பிரிச்சு விட்டுரும்."

நான் செய்யவிருந்ததும் அதுதான், அவர் வாயால் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். நுனியில் ஸ்விவல்கூட இருக்கக் கூடாது. வெறும் நுனி தாராளமாகச் சுழல வேண்டும். முப்பது, நாற்பது மீட்டர் நரம்பை ஓட்டத்தோடு விட்டு, இரண்டு மூன்று நிமிடம் அப்படியே பிடித்திருந்தால், இழுவையில் நரம்பு தானாகச் சுழன்று பிரிந்துவிடும். பிறகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக அழுத்திப் பிடித்தபடி சுற்றி எடுக்க வேண்டும். குளிக்கிறவர்கள் இருக்கிற படித்துறைக்குக் கீழே விடாதீர்கள், காலில் சுற்றும். படகு வைத்திருப்பவர்கள் படகுக்குப் பின்னால் விட்டு இழுப்பதும் இதே கணக்குத்தான். மறுபடி இரண்டு கைச் சோதனை செய்தபோது மாப்பிள்ளையின் நரம்பு அழகாக வளைந்து தொங்கியது. நுனியில் மட்டும் பிரியாமல் முடிச்சாகிவிட்ட இரண்டு முழத்தை வெட்டினோம். வெட்டிய துண்டைப் பாட்டிலில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். கூந்தன்குளம் சரணாலயத்துக்கு வருகிற பறவைகள் சுற்றுவட்டாரக் குளங்களில்தான் இரை தேடுகின்றன. நைலான் கால்களில் சுற்றிய நாரையை ஒரு தடவை பார்த்தால் துண்டு நரம்பைக் கரையில் போட மனம் வராது.

மறுநாள் உவரி. நாங்குநேரி, திசையன்விளை வழியாகப் போனால் வழி நெடுகப் பனை. காலையிலேயே அந்தோணியார் கோயிலைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்விட்டோம். வள்ளங்கள் கரையேறியிருந்தன. நிழலில் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் கட்டையில் சுற்றிய கைத்தூண்டில் நரம்பைச் சரி செய்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை அவரிடமே கேட்டான், உங்கள் நரம்பில் ஏன் முறுக்கு ஏறுவதில்லை என்று.

"உருட்டி விடணும் தம்பி, உருவி விடக் கூடாது. கட்டைய உருட்டுனா நரம்பு நேரா வரும். ஓரமா உருவுனா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்பின்னிங் ரீலின் சங்கதி முழுக்க இதற்குள் இருக்கிறது. அதில் ஸ்பூல் அசையாது, நரம்பு ஓரமாக உருவித்தான் போகும், வரும். வீசும்போது கழன்ற சுற்று, திரும்பச் சுற்றும்போது ஏறிச் சமமாகிவிடுவதால்தான் பிழைக்கிறோம். நடுவில் டிராக் வழுக்கி ஸ்பூல் உருண்டால் அந்தச் சமம் கெடுகிறது. புது நரம்பு ஏற்றும்போதும் இதை நினைவில் வையுங்கள். நரம்புச் சுருளைத் தரையில் படுக்க வைத்து, லேபிள் மேலே பார்க்க, இருபது சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்திக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். சுருண்டால் சுருளைக் கவிழ்த்துப் போட்டு மீதியை ஏற்றுங்கள். ஸ்பூல் விளிம்புவரை நிரப்பவும் கூடாது, ஒரு நூல் அளவு குறைவாக நிற்கட்டும்.

உவரியில் காற்று எங்களுக்குப் பக்கவாட்டில் அடித்தது. காற்றில் நரம்பு வில்லாக வளைந்து தளரும், தளர்ந்த நரம்பைச் சுற்றினால் ஸ்பூலில் தளர்ந்தே ஏறும். அதனால் ஈயத்தைக் கொஞ்சம் கனமாக்கினோம், உருண்டைக்குப் பதில் நீள ஈயம். ராடு நுனியைத் தண்ணீர் பக்கம் தாழ்த்திப் பிடித்தோம். மணல் தரையில் இறால் துண்டுக்குக் கிழங்கான் நன்றாகவே கடித்தது. எல்லாம் சின்னது, குழம்புக்குப் போதும். மாப்பிள்ளை ஒரு சிக்கும் இல்லாமல் வீசிக்கொண்டே இருந்தான். நான் பாதி நேரம் அவன் ரீலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலில் மீன் பிடித்துவிட்டு வந்தால் பெயில் கம்பியின் ஓரத்தில் இருக்கிற சின்ன உருளையை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நரம்பு அதன் மேல்தான் திரும்பி ஸ்பூலுக்குப் போகிறது. உப்பும் மணலும் புகுந்து அது சுழலாமல் நின்றால், நரம்பு அதன் மேல் உரசித் திருகிக்கொண்டே வரும், மற்ற எதைச் சரி செய்தும் பலன் இருக்காது. விரலால் தட்டினால் சுழல வேண்டும். காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய். திசையன்விளையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மாப்பிள்ளை பாட்டில் தண்ணீரை ஊற்றி அதைத்தான் கழுவிக்கொண்டிருந்தான்.