இடது கையைத் தேடி

“மாப்பிள்ளை, இதில் வாசிக்கிறவருக்கு இடது கை கிடையாதா?”

தாம்பரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது பின்னிருக்கையிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டவர் என் மாமனார். ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகு மிருதங்கம் கேட்பதையே முழுநேர உத்தியோகமாக வைத்துக்கொண்டிருப்பவர். காரில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு கச்சேரியில் மிருதங்கம் தனியாக முழங்கும் தனி ஆவர்த்தனம். அதுவரை எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் சொன்ன பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் எல்லாம் கணீர் கணீரென்று வந்து விழுகின்றன. இடப்பக்கமான தொப்பியைக் காணவே காணோம். ரவையைப் பிசைந்து இடப்பக்கத்தில் அப்பிக்கொள்வதே அந்தக் ‘கும்’முக்காகத்தானே? அது என் பழைய வேகன்ஆரின் கதவுக்குள் எங்கேயோ வழி தவறிப் போயிருந்தது.

மாமனார் குறை சொல்வதும் மருமகன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதும் உலக வழக்கம். நானும் அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அன்று இரவே, ஆழமான ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபர் பற்றிப் படிக்க உட்கார்ந்துவிட்டேன். மனிதக் காது நொடிக்கு 20 அதிர்வு, அதாவது 20 ஹெர்ட்ஸிலிருந்து கேட்கக்கூடியது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க, ஸ்பீக்கர் ஏராளமான காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. கதவில் இருக்கும் உள்ளங்கை அகலக் காகிதக் கூம்பிடம் அதை எதிர்பார்ப்பது, காதுகுத்துப் பந்தலை ஒரு பனையோலை விசிறியால் குளிர்விக்கப் பார்ப்பது போன்றது. பெரிய கூம்பு ஒன்று வேண்டும்; அதை அசைக்கத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். வீட்டு நிதியமைச்சரிடம் மனுப் போட்டேன். 15,000 ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரே நிபந்தனை: கடைக்கு அவளும் வருவாள்.

அவள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது.

சென்னையில் கார் அலங்காரத்துக்கென்றே பேர்போனது ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அங்கே ஒரு கடைக்குள் நுழைந்தோம். விற்பனையாளர் என்னைப் பார்த்த பார்வையிலேயே என் விலையை எடைபோட்டுவிட்டார். நேராகப் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சுற்றிலும் நீல விளக்கு. பக்கத்தில் முறம் அளவுக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர். அதன் நெற்றியில் தங்க எழுத்துகளில் ‘4000 வாட்’. ஒரு பாட்டைப் போட்டார். என் சட்டைப்பையிலிருந்த சாவிக்கொத்து தானாகக் குலுங்கியது. பாட்டு என்ன பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை, பாட்டுக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும், ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்துவிட்டது.

“இதில் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்?” என்றாள் மனைவி.

அவர் இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறாராம். அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் காட்டினார். வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், கட்டைவிரல் நக அளவில் பச்சை பிளாஸ்டிக் ஃபியூஸ் ஒன்று. அதன் தலையில் 30 என்று எழுதியிருந்தது.

“கார் ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 30 ஆம்பியரால் பெருக்கினால் 420 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு சூடாக வீணாகிவிடும். வெளியே மட்டும் 4000 எப்படி வரும்?”

“அது பீக் பவர், மேடம்.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

நான் அவசரமாக ஒரு கார் வாசனைத் திரவியத்தைக் கையிலெடுத்து அதன் விலையைப் படிக்க ஆரம்பித்தேன்.

“எங்கள் ஊர்க் கிணற்றில் போட்டிருப்பது ஐந்து குதிரைசக்தி மோட்டார். 3,730 வாட். மூன்று ஏக்கருக்குத் தண்ணீர் இறைக்கிறது. இது அதைவிடப் பெரியதா?”

“மேடம், டீ சொல்லட்டுமா?” என்றார் அவர்.

டீ வந்தது, நன்றாகவே இருந்தது. கண நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் ஃபியூஸ் தாங்கும் என்பது உண்மைதான். அதற்காகப் பத்து மடங்கா? பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எழுத்தில் வாட் போட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அதைப் படிக்காமல் விடலாம் என்பது அன்று எனக்குக் கிடைத்த ஞானம். படிக்க வேண்டியது ‘ஆர்எம்எஸ்’ என்ற மூன்றெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை. இடைவிடாமல் எவ்வளவு தர முடியும் என்பதை அதுதான் சொல்லும். பெரும்பாலும் பெட்டியின் அடிப்பக்கம், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருக்கும். சப்வூஃபருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் அந்த எண் ஏறக்குறைய ஒத்துப்போனால் பொருத்தம் பார்த்தாயிற்று. மின்தடை எத்தனை ஓம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கு ஓமுக்கு மட்டுமே தாங்கும் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஓமைக் கட்டினால், சீக்கிரமே அதன்மேல் தோசை வார்க்கலாம்.

அடுத்த பிரச்சினை, சப்வூஃபரைப் பொருத்தும் பெட்டி. துளை வைத்த பெட்டி, மூடிய பெட்டி என்று இரண்டு ஜாதி உண்டு. துளை வைத்தது அதே வாட்டுக்கு அதிகம் முழங்கும். குத்துப்பாட்டுக்கு அது போதும். ஆனால் மலிவான பெட்டிகளில் ஓர் அடி விழுந்த பிறகும் ‘ம்ம்ம்’ என்று ஒரு வால் நீளும். மிருதங்கத்தில் கையை வைத்து ஒலியை நிறுத்துவதும் வாசிப்பில் சேர்த்திதானே? மூடிய பெட்டி அந்த நிறுத்தத்தை மதிக்கிறது. பத்து அங்குல மூடிய பெட்டி என்று முடிவெடுத்து, கார் டிக்கியைத் திறந்து பார்த்தேன். பெட்டியை வைத்தால் ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டை மடியில்தான் வரவேண்டும். மனைவி எதுவும் சொல்லவில்லை. டிக்கியை மூடினாள், அவ்வளவுதான்.

ஆகவே இருக்கைக்கு அடியில் செருகும் வகை. எட்டு அங்குலம், தட்டையான அலுமினியக் கூடு, ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அடக்கம், 150 வாட் ஆர்எம்எஸ். தனியாக ஆம்ப்ளிஃபயர் தேடும் வேலையும் மிச்சம். காரின் பழைய ஸ்டீரியோவை மாற்றாமல், ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. நெஞ்சைப் பிளக்காது, எனக்கு அது தேவையுமில்லை. ஆனால் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஏழு சென்டிமீட்டர் உயரம் போகுமா? கையில் அளவுகோல் இல்லை. அதே உயரமுள்ள என் எவர்சில்வர் டிபன் டப்பாவை உள்ளே தள்ளிப் பார்த்தேன். போனது. திரும்ப வரவில்லை. இருக்கையின் தண்டவாளத்துக்கும் கம்பிக்கும் நடுவே எலுமிச்சை சாதத்தோடு சிக்கிக்கொண்டது. அன்று மதியம் அலுவலக கேன்டீனில் சாப்பிட்டேன். இரவு இருக்கையின் நான்கு போல்ட்டையும் கழற்றி எடுத்தபோது, டப்பாவின் மூலையில் ஒரு நசுங்கல். பொருள் 11,500 ரூபாய்க்கு வந்தது; டப்பாவின் விலையை அதில் சேர்க்கவில்லை.

மாட்டிக் கொடுத்தவர் வேறொரு கடைக்காரர். அங்கே என் மனைவி வரவில்லை. அதை அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். ‘சுத்தமான தாமிரம்’ என்று ஒரு வயரைக் காட்டினார். தடியாக, சிவப்பாக, பார்க்க அழகாக இருந்தது. பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குத் தாமிர முலாம். கவரிங் நகை வாங்கிப் பழகிய குடும்பத்தில் பிறந்தவனிடம் இதெல்லாம் நடக்காது. வேறு வயர் வந்தது. பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் வைக்கச் சொன்னேன். வயர் எங்காவது உரசித் தகரத்தைத் தொட்டால் காரைக் காப்பாற்றப் போவது அதுதான். முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்.

அதில் வென்றவன் இன்னொன்றில் தோற்றேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காதருகே ஒரு கொசு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ‘குய்ங்’ என்று உச்சஸ்தாயிக்குப் போனது. விட்டால் கீழே இறங்கியது. சிக்னலில் நின்றபோது செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு தடவை வீசினேன். பக்கத்து ஆட்டோக்காரர் கண்ணாடியை இறக்கச் சொல்லி, “கதவைத் திறங்க சார், அதுவே போய்விடும்” என்று யோசனை சொன்னார். அது கொசுவல்ல, காருக்கு மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர். எர்த் வயரைப் பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார் அந்தப் புண்ணியவான். மறுநாள் நானே உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து, வெள்ளித் தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு வயரைக் குட்டையாக வெட்டி முடுக்கினேன். கொசு செத்தது.

பிறகு மாமனாரை அழைத்து வந்து பின்னிருக்கையில் உட்கார வைத்தேன். மேடையில் மைக்கே வேண்டாம் என்று நின்ற மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரைத் தெய்வமாகக் கொண்டாடுகிறவர். மருமகன் காருக்குள் 150 வாட்டை ஏற்றியிருப்பதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று உதறல்தான். அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். பின்பக்க நம்பர் பிளேட் ஒவ்வொரு தொப்பிச் சொல்லுக்கும் ‘டர்ர்’ என்று தாளம் போட்டது. கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேட்டார்.

“இப்போது வலது கையைக் காணோமே, மாப்பிள்ளை.”

கடைக்காரர் ‘கெய்ன்’ திருகாணியைக் கடைசிவரை திருகி விட்டிருந்தார். பலரும் அதை ஒலிக்கட்டுப்பாடு என்றே நினைக்கிறார்கள். ஸ்டீரியோ அனுப்பும் ஒலியின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதுதான் அதன் வேலை. சுத்தமாகக் குறைத்துவிட்டு மீண்டும் ஆரம்பித்தேன். 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தொடாதே என்று வடிகட்டியை வைத்தேன். ஸ்க்ரூடிரைவரோடு நான் முன்னிருக்கையின் அடியில் தலைகீழாக, அவர் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம்... இல்லை, போய்விட்டது... ஆங், அங்கேயே” என்று தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பது போல முக்கால் மணி நேரம் நடந்தது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் பஞ்சு டேப் ஒட்டினேன். மிச்சப் பணத்தில் முன் கதவுகளின் தகரத்துக்கு அதிர்வை அடக்கும் ரப்பர் தாளும் ஒட்டிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தாளையே முதலில் ஒட்டியிருக்க வேண்டும். கதவு ஸ்பீக்கரிலேயே பாதி குறை தீர்ந்திருக்கும்.

முடிந்தபோது, காருக்குள் சப்வூஃபர் ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஆழமான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், எல்லாம் முன் கண்ணாடிப் பக்கமிருந்தே வருவது போல இருந்தது. மாமனார் முன்னால் எட்டிப் பார்த்தார், பிறகு சாய்ந்துகொண்டார். மணி ஐயரின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைப் போடச் சொன்னார். அதில் தொப்பி மெலிந்துதான் கேட்டது. பதிவிலேயே இல்லாததை எட்டு அங்குலம் எங்கிருந்து கொண்டுவரும்? நான் விளக்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டு, புதிய பதிவையே மறுபடி கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் புறப்பட்டோம். மே மாதம், பகல் பதினொரு மணி. வண்டலூரை நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“மாப்பிள்ளை, அந்த ஏசியை நிறுத்துங்கள். அதன் இரைச்சலில் தொப்பியின் கும்கி நாதம் சரியாகக் கேட்கவில்லை. கண்ணாடியையும் இறக்க வேண்டாம், காற்றுச் சத்தம் உள்ளே வரும்.”

செங்கல்பட்டு வரை அப்படியே போனோம். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாட் கணக்கெல்லாம் அவள் போட்டது. வியர்வைக் கணக்கு என் பேரில் எழுதப்பட்டிருந்தது.