பூட்டியாச்சா?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, சமையல்கட்டு என்று உள்ளே போகப் போகக் கதவுகள்தான். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பதால் அவர்கள் அறைகளும் பூட்டியே கிடக்கும். மாமனார் காலமானதும் சாவிக்கொத்து என் கணவர் கைக்கு வந்தது. மொத்தம் 23 பூட்டுகள்.

ராத்திரி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் படுப்பார். "அப்பச்சி மாதிரியே பொறுப்பு" என்று எல்லாரும் மெச்சினார்கள். ஒரு சுற்று மூன்றாயிற்று. ஒவ்வொரு பூட்டையும் நான்கு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் முதல் பூட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். படுக்க ஒரு மணி ஆகும். படுத்த பிறகு என்னிடம் கேட்பார்: "பின்வாசல் பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சுங்க, நானே பார்த்தேன்."

ஐந்து நிமிடம் போகும். "நல்லாப் பாத்தியா?"

ஒருநாள் மகளின் படம் ஒன்றைத் தேடி அவர் செல்போனை எடுத்தேன். விரலால் தள்ளத் தள்ள எல்லாம் பூட்டுகள். ஒரே பித்தளைப் பூட்டு, ஒரே கோணத்தில், நூற்றுக்கணக்கில். வெளியூர் போனால் பார்த்துக்கொள்வதற்காக எடுத்து வைத்திருக்கிறார். அதைப் பார்த்தும் அவருக்கு நிம்மதி வரவில்லை. வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். இத்தனை நாள் அவர் தனியாக எதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

குன்றக்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டோம். ஒரு டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, கேள்வி போகவில்லை. கடைசியில் மதுரைக்குப் போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். பத்துக் கேள்விகள் கேட்டு மதிப்பெண் போட்டார். 40-க்கு 29, கடுமையான நிலை. இதற்கு ஓசிடி என்று பெயர், தமிழில் எண்ண சுழற்சி நோய் என்பார்கள் என்றார். "பூட்டியிருக்குன்னு எனக்கே தெரியும் டாக்டர், ஆனா மனசு ஒத்துக்க மாட்டேங்குது" என்றார் இவர். "அதுதான் இந்த நோய்" என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையில் என் கணவர் முகம் தெளிந்ததை நான் மறக்க மாட்டேன்.

செர்ட்ராலின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டினார்கள். முதல் இரண்டு வாரம் வயிறு சரியில்லை. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தோம். மதுரைவரை போக முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், எந்நேரமும்.

மாத்திரையோடு உளவியல் பயிற்சியும் உண்டு. பயத்தை வேண்டுமென்றே எதிர்கொள்ள வேண்டும், ஆனால் சரிபார்க்கக் கூடாது. எளிதான பூட்டிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். அப்புறம் அந்த உளவியலாளர் என் பக்கம் திரும்பி, "ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை பூட்டியாச்சுன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார். முப்பது இருக்கும் என்றேன். சலிக்காமல் சொல்கிறேனே என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. நான் பதில் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிக்காகவே மூளை அடுத்த முறை இன்னும் பலமாகக் கேட்கிறது என்று அவர் விளக்கினார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அன்பு என்று நினைத்து நான் நோய்க்குத் தீனி போட்டிருக்கிறேன்.

கோபத்தில் திடீரென்று நிறுத்தக் கூடாது, இருவரும் பேசி வைத்துக்கொண்டு நிறுத்த வேண்டும் என்றார்கள். நான் சொல்ல வேண்டியதை என் கணவரே எழுதிக் கொடுத்தார்: "இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன். ஆனா கூட உக்கார்றேன்."

முதல் பயிற்சி, யாரும் புழங்காத சாமான் அறை. ஒரே முறை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்தோம். தவிப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டேன். "எண்பது." உள்ளங்கை வியர்த்து, தரையில் ஈரம் பதிந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டேன். எண்பது, எண்பத்தைந்து, எழுபது, ஐம்பது. முக்கால் மணி நேரத்தில் நாற்பதுக்கு வந்தது. ஒரு கதவையும் தொடாமலே பயம் இறங்கியதை இருவரும் முதன்முதலாகப் பார்த்தோம்.

நான்காம் நாள் நான் தோற்றேன். பின்வாசலைப் பற்றிக் கெஞ்சிக் கேட்டார். "பூட்டித்தாங்க இருக்கு" என்று வாய் சொல்லிவிட்டது. மறுநாள் திரும்பவும் முதலிலிருந்து. மாமியாருக்கோ என்மேல் கோபம். "கேட்டவனுக்கு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவே?" என்றார்கள். அடுத்த முறை அவர்களையும் மதுரைக்கு அழைத்துப் போனோம். டாக்டரே எடுத்துச் சொன்ன பிறகுதான், மகன் கேட்டால் அவர்களும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் ஒருவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாலும் மற்றவர்கள் பட்ட பாடு வீண்தான்.

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வந்து அத்தனை அறைகளும் திறந்து மூடியபோது, நோய் பாதி திரும்பி வந்துவிட்டது. பயந்துபோனேன். இப்படி ஏறி இறங்கத்தான் செய்யும், பயிற்சியை விடாதீர்கள் என்றார்கள். மாத்திரையையும் சரியாகிவிட்டதே என்று நாமாக நிறுத்தக் கூடாது. இப்போது மதிப்பெண் 14.

போன மாதம் ராமேஸ்வரம் போனோம். முன்கதவை ஒரே முறை பூட்டினார், படம் எடுக்கவில்லை. பஸ் தேவகோட்டை வருவதற்குள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை.

"எத்தனைங்க?" என்றேன்.

"அறுபது."

நானும் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் விடவில்லை. ராமநாதபுரம் தாண்டும்போது அவராகவே சொன்னார், "இருபது."