கண்ணை மட்டும் விட்டுவிடச் சொன்னவர்

வடசென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரில் யாரேனும் ஒருவர் இன்றும், "கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்கிறது என்று விளக்கினால், "அப்ப ஊட்ல நான் பாத்துக்கறேன்" என்பார்.

அப்படிச் சொன்ன ஒருவரின் மகன் சென்ற ஆண்டு என் வகுப்பில் இருந்தான். குழாயடி வரிசையில் பின்னால் நிற்பவனின் முழங்கை தெரியாமல் பட்டாலும் திரும்பி முகத்தில் குத்திவிடுவான். விசாரித்தால், "வேணும்னேதான் சார் இட்ச்சான்" என்று அழுதபடி சாதிப்பான். அவன் பொய் சொல்கிறான் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அவனுக்கு அது உண்மையாகவே அப்படித்தான் தெரிந்திருக்கிறது. வீட்டில் கடுமையாக அடிபட்ட குழந்தைகள் பிறர் செயலில் இல்லாத பகையைக் காண்பதையும், தகராறு என்றால் அடியைத் தவிர வேறு வழி அவர்களுக்கு எளிதில் தோன்றாததையும் அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாட்ஜும் அவருடைய சகாக்களும் 1990இல் மழலையர் பள்ளி வயதிலேயே கண்டறிந்தார்கள். எப்போது கை ஓங்கப்படும் என்று பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைக்கு வீட்டில் காப்பாக இருக்கும் அதே விழிப்புதான் குழாயடியில் சண்டையாகிறது.

அடியாத மாடு படியாது என்கிறோம். அந்தப் பையனும் அப்பாவின் எதிரில் மூச்சுவிடக்கூட அஞ்சுவான். அந்த அச்சத்தைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டதுதான் எங்கள் எல்லோருடைய பிழை. கோபம் எழுவதற்கும் கை எழுவதற்கும் நடுவே ஒரு கணம் நின்று பார்க்கும் திறனே தன்னடக்கம். அதற்குப் பெரிதும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருப்பதால், அதுவரை பெரியவர்கள்தான் அருகிலிருந்து பிள்ளையை ஆற்றிப் பழக்கவேண்டும். ஆற்றவேண்டியவரே அடிப்பவராகவும் இருந்தால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? அடிபடும் எல்லாப் பிள்ளைகளும் அடிப்பதில்லை என்பதும் உண்மை. சிலர் பேச்சே இல்லாமல் ஒடுங்கிவிடுகிறார்கள், அவர்களைப் பற்றி எவரும் புகார் சொல்வதில்லை. (வடசென்னைப் பிள்ளை என்றாலே முரடன் என்பவர்களுக்கு ஒன்று: பூட்டிய அடுக்குமாடிக் கதவுகளுக்குப் பின்னாலும் பெல்ட் இருக்கிறது.)

நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, வளர வளரத் தன்னடக்கம் கூடியவர்களின் வாழ்க்கை மேம்பட்டிருந்ததைக் காட்டியது. ஆகவே, பதினொரு வயதில் எதுவும் முடிந்துவிடவில்லை.

என் பங்கையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு சண்டைக்கும் அவனுடைய அப்பாவுக்கு நான் ஃபோன் செய்தேன். ஒருநாள் அவன் கெண்டைக்காலில் தழும்புகளைப் பார்த்த பிறகுதான், என் ஒவ்வொரு அழைப்பும் அன்றிரவு ஓர் அடியாகவும் மறுநாள் இன்னொரு சண்டையாகவும் மாறியிருந்தது புரிந்தது. அழைப்பதை நிறுத்தினேன். அவரை நேரில் வரவழைத்துத் தழும்புகளைப் பற்றிப் பேசினேன், தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பையனிடம், கை துறுதுறுத்தால் வராந்தாவின் கோடிக்குப் போய், கூட்ஸ் வண்டி போனால் பெட்டிகளை எண்ணிவிட்டு வா, நான் எதுவும் கேட்கமாட்டேன் என்றேன்.

ஆண்டு இறுதியில் அவர் வந்து, "இப்பல்லாம் கம்ப்ளெயின்டே வர்லயே, திருந்திட்டானா சார்?" என்று கேட்டார். அந்த மாதம் நடந்த இரண்டு சண்டைகளையும் நான் சொல்லவில்லை.