ஞாயிறு என்று இருக்க வேண்டும்

"ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு வந்த லெட்டருக்குக் காசு யார் குடுத்தா?"

பக்கத்து மேசையிலிருந்து போஸ்டல் சார் இப்படிக் கேட்ட அன்றுதான் என் ரீஜென்சி காலம் தொடங்கியது. அவர் தபால் துறையில் ஓய்வு பெற்றபின் எங்கள் அலுவலகத்துக்கு ப்ரூஃப் பார்க்க வந்தவர். நான் வேதியியல் படித்துவிட்டு ஆய்விதழ்களுக்கு காப்பி எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். ரீஜென்சி நாவல்களை, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்தில் நடக்கும் காதல் கதைகளை, பார்த்துவந்த பெண் பிரசவ விடுப்பில் போனதால், "ரெண்டு மாசம் பார்த்துக்கோங்க" என்று என்னை அந்தப் பக்கம் மாற்றினார்கள். ஆறு வருடம் அங்கேயே இருந்தேன்.

சென்னையில் இப்படி ஒரு தொழில் இருப்பது பலருக்குத் தெரியாது. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியை இங்கே அனுப்பும். நாங்கள் திருத்தி, பக்கம் கட்டி, ப்ரூஃப் பார்த்துத் திருப்பி அனுப்புவோம். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஆத்தர் க்வெரி, அதாவது எழுத்தாளருக்கு ஒரு கேள்வி, போடுவோம். எழுத்தாளருக்கு எங்கள் பெயர் தெரியாது. எங்களுக்கோ அவருடைய கமா பழக்கம்வரை தெரியும்.

என் முதல் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகி, காதலனின் ரகசியக் கடிதத்தை உறையைக் கிழித்துப் படிக்கிறாள். அதைத்தான் சார் பிடித்துக்கொண்டார். தபால்தலை வந்தது 1840-ல். அதற்கு முன் இங்கிலாந்தில் கடிதம் பெறுபவர்தான் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும். தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் தக்கபடி கட்டணம். உறை போட்டால் அதுவும் ஒரு தாள், கட்டணம் இரண்டு மடங்கு. அதனால் எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதினார்கள். இடம் போதாவிட்டால் தாளைத் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்காக எழுதினார்கள். படிப்பவர் கண் என்ன பாடுபட்டிருக்குமோ!

சாருக்கு உறை பெரிய விஷயமாகப் படவில்லை. "உறையை எடுத்துடலாம்மா. ஆனா காசு? அப்பாதானே குடுத்திருப்பார்? அப்போ லெட்டரை யார் முதல்ல பார்த்திருப்பா?" என்றார். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொண்டாலே நிச்சயமாகிவிட்டது என்று ஊர் எடுத்துக்கொண்ட காலம் அது. அந்தக் கடிதம் காலைச் சாப்பாட்டு மேசைக்கு வந்த நிமிடமே ரகசியம் உடைந்திருக்கும். நாவலும் மூன்றாம் அத்தியாயத்தோடு முடிந்திருக்கும். நான் இதைக் கொஞ்சம் மரியாதையாகக் க்வெரியில் எழுதினேன். நான்கு நாளில் பதில் வந்தது. எழுத்தாளர் கடிதத்தைத் தையல்காரியின் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

ரீஜென்சி என்று கறாராகச் சொன்னால் ஒன்பதே வருடம். மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்ததால், 1811 பிப்ரவரியில் அவர் மகன் பிரதிநிதியாக ஆட்சிப் பொறுப்பேற்றார். 1820 ஜனவரியில் கிழவர் இறந்ததும் மகனே மன்னர். அந்த ஒன்பது வருடத்துக்குள் நான் திருத்திய டியூக்குகளுக்கு, அதாவது உச்சநிலைப் பிரபுக்களுக்கு, கணக்கே இல்லை. நிஜத்தில் நாடு முழுக்கச் சேர்த்தாலும் மூன்று டஜன்கூடத் தேறாது, அதிலும் பாதிப்பேர் கிழவர்கள். நாவல்களில் தெருவுக்கு ஒரு டியூக். முப்பது வயது, கல்யாணமாகாதவர், ஒருவருக்கும் பல்வலி கிடையாது.

இந்த மாதிரிப் பொய்யையெல்லாம் நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம். அது வாசகருக்கும் எழுத்தாளருக்கும் உள்ள ஒப்பந்தம். தூரமும் தேதியும் சட்டமும் எங்கள் பங்கு. இருபத்தொரு வயது ஆகாத பெண் அப்பா சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொள்ள ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள க்ரெட்னா க்ரீனுக்கு ஓடுவாள். 1753-ல் இங்கிலாந்து போட்ட திருமணச் சட்டம் அங்கே செல்லாது. இரண்டு சாட்சி இருந்தால் போதும். சரி, ஓடட்டும். ஆனால் லண்டனிலிருந்து முந்நூறு மைலுக்கு மேல். ஓர் எழுத்தாளர் அதை ஒரே ராத்திரியில் குதிரை வண்டியில் முடித்திருந்தார். நம்ம ஊர் விரைவு பஸ்ஸே திணறும்.

இன்னொரு நாவலில் மனைவி இறந்தபின் அவள் தங்கையை நாயகன் கட்டிக்கொள்கிறான். நம் பக்கத்தில் அக்கா போய்விட்டால் தங்கையைக் கேட்பது சாதாரணம் என்பதால் நானும் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் சுற்றில்தான் உறுத்தியது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு அது விலக்கப்பட்ட உறவு. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துக்கு அங்கேயும் தடையில்லை. மனைவியின் தங்கைக்குத் தடை. அதில் ஒரு வினோதமும் உண்டு. 1835 வரை அந்தக் கல்யாணம் தானாகச் செல்லாமல் போகாது. கணவன் மனைவி இருவரும் உயிரோடு இருக்கும்போது யாராவது திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஜெயித்தால்தான் ரத்தாகும். ரத்தானால் பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தவர்கள், சொத்துக்கு உரிமையில்லை. அதாவது பழிவாங்க நினைக்கும் பங்காளிக்குத் துப்பாக்கியே வேண்டாம், வக்கீல் போதும். இதைக் க்வெரியில் எழுதியபோது எனக்கே கை பரபரத்தது. எழுத்தாளர் வில்லனின் கையிலிருந்து கைத்துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு இரண்டு அத்தியாயத்தைத் திருப்பி எழுதினார். அதற்காக டெட்லைன் பத்து நாள் தள்ளிப்போனதில் எனக்குத் திட்டு விழுந்தது.

இதே எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தில் நாயகன் மெட்ராஸிலிருந்து வருகிறான். அப்பாவை ஏமாற்றிச் சொத்தைப் பறித்தவன் மகளை மயக்கிப் பழிவாங்குவது திட்டம். பிப்ரவரியில் அப்பா சாவு, ஏப்ரலில் மகன் லண்டன் நடனக்கூடத்தில். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல். அதற்கு முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் கப்பல் வரவேண்டும். ஐந்தாறு மாதம் சாதாரணம். சாவுச் செய்தி போக ஒரு பயணம், மகன் திரும்ப இன்னொன்று. எல்லாம் சரியாக அமைந்தால் அடுத்த வருடம் ஏப்ரலில் வந்து சேரலாம். மெட்ராஸில் அப்போது துறைமுகமும் கிடையாது. கப்பல் தள்ளி நிற்கும், அலையைத் தாண்டி மசூலா படகில்தான் ஏற வேண்டும். அதையும் சேர்த்து எழுதினேன். "நீங்கள் அங்கேயா இருக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். க்வெரியில் சொந்த விஷயம் எழுதக்கூடாது என்பது விதி. "ஆம்" என்று மட்டும் எழுதினேன். அச்சில் மசூலா படகுக்கு ஒரு முழுப் பத்தி கிடைத்தது.

இந்தப் பழிக்குப் பழி கல்யாணக் கதைகள் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. எங்கள் குழுவில் எல்லோரும் பெண்கள், மன்னிப்பு எந்த அத்தியாயத்தில் வரும் என்று பந்தயம் கட்டுவோம். பெரும்பாலும் பதினெட்டு. ஆனால் அந்தக் காலச் சட்டப்படி தாலி ஏறிய நிமிடம், அதாவது மோதிரம் ஏறிய நிமிடம், பெண்ணின் ரொக்கமும் நகையும் கணவனுடையவை. வசதியான வீடுகளில் முன்கூட்டியே ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொஞ்சம் காப்பாற்றி வைப்பார்கள், அவ்வளவுதான். 1882 வரை இதில் பெரிய மாற்றமில்லை. பழிவாங்கக் கட்டிக்கொண்டவன் மனம் மாறாவிட்டால் அவளுக்குப் போக்கிடம் எது? நாவல் இதற்குப் பதில் சொல்லாது. அவன் மனம் மாறும் என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், அவளுக்குத்தான் தெரியாது. பதினேழு அத்தியாயமும் அவள் அந்த பயத்தோடுதான் இருக்கிறாள். இதை எழுத்தில் கொண்டுவந்தவர்கள் என் ஆறு வருடத்தில் இரண்டு பேர்.

அந்தக் காலத்தில் நிஜமாகவே பழிவாங்கிய ஒரு பெண்ணைப் பற்றி ஒரு நாவலின் பின்னுரையைச் சரிபார்க்கும்போது படித்தேன். கேரலைன் லாம். கணவர் வில்லியம் லாம், பின்னாளில் பிரதமர் ஆனவர். 1812-ல் ஒரே கவிதை நூலால் ஊரையே மயக்கிய பைரனோடு அவளுக்கு உறவு ஏற்பட்டது. சில மாதத்தில் அவர் விலகினார். அவளால் முடியவில்லை. பையன் வேஷம் போட்டு அவர் வீட்டுக்குள் நுழைந்தாள். அந்தக் குளிர்காலத்தில் பைரனின் உருவப்பொம்மையைத் தீயில் போட்டு, ஊர்ப் பெண்களைச் சுற்றி ஆடவிட்டாள். 1816 மே மாதம் அவள் பெயர் இல்லாமல் 'க்ளெனார்வன்' நாவல் வெளிவந்தது. பைரன்தான் வில்லன் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் எழுதிய கடிதம் ஒன்றையும் உள்ளே சேர்த்திருந்தாள்.

நாவல் நன்றாக விற்றது. அதற்குச் சில வாரம் முன்பே பைரன் இங்கிலாந்தை விட்டுப் போய்விட்டார். அடி விழுந்தது அவளுக்கு. ஆல்மாக்ஸ் நடனக்கூடத்தில் அனுமதிச் சீட்டு கொடுக்கும் அதிகாரம் சில சீமாட்டிகளிடம் இருந்தது. அவர்களில் ஒருவரையும் நாவலில் கிண்டல் செய்திருந்தாள். அங்கே கதவு சாத்தப்பட்டது. பைரனின் சொந்த நினைவுக்குறிப்புகளோ, அவர் இறந்தபின் 1824-ல் பதிப்பாளர் வீட்டுக் கணப்பில் எரிக்கப்பட்டன. "யாரோ ஒரு காப்பி எடிட்டர் வயிறு எரிஞ்சிருக்கும்" என்றார் போஸ்டல் சார்.

அந்தப் பின்னுரை வந்த மாதம்தான் அது நடந்தது. வேறொரு புத்தகத்துக்கு எங்கள் டீம் லீட் பழைய ஃபைலை அனுப்பிவிட்டார். என் திருத்தங்கள் ஒன்றும் அதில் இல்லை. வாடிக்கையாளர் அழைப்பில் எல்லோரும் கேட்க, "காப்பி எடிட்டர் கவனிக்கவில்லை" என்று என் பெயரைச் சொன்னார். சரியான ஃபைலை நான் அனுப்பிய மின்னஞ்சல் என்னிடம் இருந்தது. அப்ரைசல் மாதம், வாயைத் திறக்கவில்லை. சாரிடம் மட்டும் காட்டினேன். "பத்திரமா வெச்சுக்கோ" என்றார்.

அடுத்து வந்தது மசூலா படகு எழுத்தாளரின் மூன்றாவது புத்தகம். கடைசி ப்ரூஃபில் 'இறுதிச் சோதனை செய்தவர்' என்ற இடத்தில் டீம் லீட் பெயர். இருபதாம் அத்தியாயத்தில் வாட்டர்லூ போர், 1815 ஜூன் 18, சனிக்கிழமை என்று இருந்தது. அது ஞாயிறு. மூன்று நாள் முன்பு வியாழன் இரவு ப்ரஸ்ஸல்ஸில் நடந்த நடன விருந்து சரியாக இருந்தது, போரில்தான் கிழமை பிசகு. பார்த்தேன். பேனாவை எடுத்தேன். அப்புறம் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

புத்தகம் வந்தது. டீம் லீட்டை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து மறுபதிப்புக்கான திருத்தப் பட்டியல் வந்தது. அதில் ஒரே வரி. ஒரு வாசகர் எழுத்தாளருக்கு எழுதியிருக்கிறார், கொஞ்சம் கடுமையாகவே. கீழே எழுத்தாளரின் குறிப்பு: "முழுக்க என் தவறு. சென்னையில் இவ்வளவு கவனமாகப் பார்ப்பவருக்கு இதனால் கெட்ட பெயர் வரக்கூடாது, தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள்."

டீம் லீட் அதை அப்படியே எனக்கு ஃபார்வர்டு செய்து, "இதை முடிச்சிடுங்க" என்று எழுதியிருந்தார். ஃபைலைத் திறந்தேன். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தை எடுத்துவிட்டு மூன்று எழுத்தைப் போட வேண்டும். போட்டேன். சார் எட்டிப் பார்த்து, "என்னம்மா, இதுக்குப் போயி இவ்ளோ நேரம்?" என்றார்.