ஊறப்போட்ட துணிகள்

ஜூலை 12, 2025, சனி

காலையில் துணி ஊறப்போடும்போது தேதி நினைவுக்கு வந்தது. 1794-இலும் இதே ஜூலை 12. பிரான்ஸில் கொம்பியேன் என்ற ஊரில் ஒரு பழைய கன்னியர் மடத்தைச் சிறையாக மாற்றியிருந்தார்கள். அங்கே அடைபட்டிருந்த, கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் 16 பேர், தங்களிடம் இருந்த ஒரே சாதாரண உடையைத் துவைக்கப் போட்டுவிட்டு, புரட்சி அரசு தடை செய்திருந்த துறவற அங்கியை எடுத்து உடுத்தியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவர்களைப் பாரிஸுக்குக் கொண்டுபோக ஆணை வந்தது. துணி காயும்வரை யார் காத்திருப்பார்கள்? ஈரத்துணியை அப்படியே விட்டுவிட்டு, அங்கியோடு வண்டி ஏறினார்கள்.

அதே சிறையில் இங்கிலாந்துக் கன்னியரும் இருந்தார்கள். பெனடிக்டின் சபையினர், நம் ஊரில் ஆசீர்வாதப்பர் என்று சொல்கிறோமே, அந்தப் புனிதரின் வழி வந்தவர்கள். இங்கிலாந்தில் யார்க் நகரில் இருந்து வடக்கே போனால் வாஸ் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே இருக்கும் ஸ்டான்புரூக் மடம் அவர்களுடையதுதான். அடுத்த ஞாயிறு மாலைச் செபத்துக்குப் போகிறேன். அதற்குள் அவர்கள் கதையை எழுதி வைத்துவிட வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

மன்னர் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தில் மடங்களை எல்லாம் மூடிவிட்டார். அப்புறம் துறவியாக விரும்பிய பெண்ணுக்குக் கடல் தாண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 1623-இல் 9 இளம்பெண்கள் அப்படிக் கிளம்பிக் காம்ப்ரே நகரில் மடம் தொடங்கினார்கள். இன்று அது பிரான்ஸில் இருக்கிறது. அன்று ஸ்பெயின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. அவர்களில் ஒருவர் ஹெலன் மோர். மன்னருக்குப் பணியாமல் தலை கொடுத்த தாமஸ் மோரின் வம்சம்.

இவர்கள் கொடுக்கும் வார்த்தைப்பாடுகளில் ஒன்று நிலைத்திருத்தல். சேர்ந்த குடும்பத்தை விட்டுச் சாகும்வரை பிரியக் கூடாது. காம்ப்ரேயில் 170 வருஷம் அப்படித்தான் இருந்தார்கள்.

1793 அக்டோபரில் வாசலில் புரட்சி அரசின் வீரர்கள் வந்து நின்றார்கள். ஒழுங்காக மூட்டை கட்டக்கூட விடவில்லை. நாள்கணக்கில் வண்டிப் பயணம். அதன் முடிவில் கொம்பியேன் சிறை. அங்கே நான்கு கன்னியர் இறந்துபோனார்கள்.

ஜூலை 17, வியாழன்

இன்று அந்த 16 பேரின் நினைவு நாள். பாரிஸில் பாடிக்கொண்டே கில்லட்டின் மேடை ஏறியவர்கள். பத்து நாளில் புரட்சி அரசை ஆட்டிவைத்த ரோபெஸ்பியர் வீழ்ந்தார். போன டிசம்பரில்தான் திருத்தந்தை பிரான்சிஸ் இவர்களைப் புனிதர்களாக அறிவித்தார்.

ஆனால் என் மனம் அந்த ஈரத்துணியை விட்டு நகர மாட்டேன் என்கிறது. கார்மேல் கன்னியரைக் கொன்ற பிறகு, கொம்பியேன் மேயர் ஆங்கிலேயக் கன்னியரிடம் வந்து உடனே அங்கியை மாற்றச் சொன்னார். மாற்று உடை வாங்க அவர்களிடம் காசில்லை. அப்போது அவரே கொண்டுவந்து கொடுத்தது, அந்த 16 பேர் விட்டுப்போன துணிகளை. மறைசாட்சிகளின் உடை என்று தெரிந்தேதான் அவர்கள் அதை உடுத்தினார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் அதை எடுத்து மாட்டும்போது கை எப்படி நடுங்கியிருக்கும்!

1795 மே மாதம் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் கரை இறங்கியபோதும் உடம்பில் அதுதான். பிறகு அதைத் திருப்பண்டமாக, புனிதர்கள் விட்டுச்சென்ற பொருளாகப் போற்றினார்கள்.

ஜூலை 18, வெள்ளி

இங்கிலாந்து வந்த பிறகு நடந்தது, சுருக்கமாக: முதலில் லிவர்பூல் பக்கம் வூல்டனில் பள்ளி நடத்திப் பிழைத்தார்கள். 1807-இல் வார்விக்ஷயரில் உள்ள அபட்ஸ் சால்ஃபோர்டு. 1838-இல் வுஸ்டர் பக்கத்தில் ஸ்டான்புரூக். அந்த வீட்டின் பெயரே மடத்துக்கும் நிலைத்தது. 1871-இல் எட்வர்டு பியூஜின் வடிவமைத்த பெரிய கோயில் வந்தது. 1876-இல் சொந்த அச்சகம் வைத்தார்கள்; அதிலிருந்து வந்த அச்சு வேலை பெரிய பெயர் வாங்கியது. அங்கே 171 வருஷம் ஓடியது.

ஜூலை 20, ஞாயிறு

போய் வந்தேன்.

2009-இல் இவர்கள் இங்கே வாஸுக்கு வந்ததற்கு யாரும் துரத்தியது காரணமில்லை. ஆள் குறைந்துவிட்டது, அவ்வளவு பெரிய விக்டோரியா காலக் கட்டடத்தைச் சூடாக்கவும் பழுதுபார்க்கவும் கட்டுப்படியாகவில்லை. அந்தப் பழைய மடம் பிறகு ஹோட்டலாகிவிட்டது. அதைக் கேட்டு வருத்தப்படுகிறவர்கள் உண்டு, பியூஜின் கோயிலை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். வார்த்தைப்பாடு கொடுத்தது சகோதரிகளுக்கு, சுவருக்கு இல்லை.

இங்கே முதலில் கட்டியது அறைகளும் சாப்பாட்டுக் கூடமும்தான். மழைநீரைச் சேமிக்கிறார்கள், மரச்சில்லுகளை எரித்து வெந்நீர் போடுகிறார்கள். கோயில் 2015-இல்தான் எழும்பியது. உயரமான கண்ணாடி, வெளியே பள்ளத்தாக்கு. கறுப்பு அங்கியில் வந்து இரண்டு பக்கமும் நின்று திருப்பாடல்களை மாறி மாறிப் பாடினார்கள். அவசரமே இல்லை.

மரியாவின் பாடல் தொடங்கியதும் எல்லாரும் எழுந்தோம். நான் வாய்க்குள் தமிழில் சொல்லிக்கொண்டேன். நான் முடித்த பிறகும் அவர்கள் பாதியில்தான் இருந்தார்கள்.