இன்டரப்ட் ஹேண்ட்லர்ல இருந்து வேலையை வெளிய எடுங்க

ஒரு சின்ன போர்டுல இருக்கற கிகாபிட் நெட்வொர்க் கார்டுக்கு சிப் கம்பெனி குடுத்த லினக்ஸ் டிரைவரை கொஞ்ச நாளா பிரிச்சு மேஞ்சுட்டு இருக்கேன். அதுல இன்டரப்ட் ஹேண்ட்லர், அதாவது கார்டு "என்னை கவனி"னு சிபியுவை கூப்பிட்டதும் ஓடற கோடு, மட்டுமே ரெண்டு மூணு ஸ்க்ரீன் நீளம். என்ன நடந்துச்சுனு கார்டு சொல்ற ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை படிக்குது, வந்த பேக்கெட்டை எடுக்குது, அனுப்பி முடிச்ச பஃபரை ஃப்ரீ பண்ணுது, கேபிள் கழண்டுச்சானு பாக்குது, மறுபடி ஸ்டேட்டஸை படிக்குது, இப்படியே லூப்ல சுத்தி ஒரு லிமிட் வந்ததும் போதும்னு வெளிய வந்துடுது.

இது 10, 100 மெகாபிட் காலத்து ஸ்டைல். பழைய ரியல்டெக் 8139 டிரைவர்ல அந்த லிமிட் 20, 3காம் 3சி59எக்ஸ்ல 32, தாண்டினா "டூ மச் வொர்க்"னு கெர்னல் லாக்ல கத்தும். அன்னிக்கு இருந்த ஸ்பீடுக்கு அது ஓடிடுச்சு.

கிகாபிட்ல கதையே வேற. 64 பைட் குட்டி பேக்கெட்டா வந்தா, முன்னாடி வர்ற ப்ரியாம்பிள், நடுவுல விடற கேப் எல்லாம் சேத்து வயர்ல 84 பைட், செகண்டுக்கு கிட்டத்தட்ட 14.88 லட்சம் பேக்கெட், அதாவது ஒண்ணுக்கு 672 நானோசெகண்ட்தான் டைம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு இன்டரப்ட்னா சிபியு ஹேண்ட்லருக்குள்ளயே கிடக்கும், எடுத்த பேக்கெட்டை மேல அப்ளிகேஷனுக்கு குடுக்க நேரமே கிடைக்காது. இதுக்கு பேரு ரிசீவ் லைவ்லாக், மொகுலும் ராமகிருஷ்ணனும் 1996லயே அளந்து காட்டிட்டாங்க. லினக்ஸ்ல இதுக்கு வந்த பதில்தான் ஜமால் ஹாடி சலீம், ராபர்ட் ஓல்சன், அலெக்ஸி குஸ்நெட்சோவ் மூணு பேரும் 2001ல எழுதி வெளியிட்ட நாப்பி. கல்யாண பந்தி மாதிரிதான், வர்ற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஓடாம உக்காந்தவங்களுக்கு ஒரே நடையில பரிமாறிட்டு, இன்னும் கூட்டம் நின்னா அடுத்த பந்தி. பந்தி பரிமாற கெர்னல் கூப்பிடறது டிரைவரோட போல் ஃபங்ஷனை, ஒரு பந்திக்கு பொதுவா 64 பேக்கெட்.

புது ஹேண்ட்லர்ல நான் விட்டு வெச்சது இவ்ளோதான்: ஸ்டேட்டஸை படி, நம்மளது இல்லனா கிளம்பு, நம்மளதுனா கார்டோட இன்டரப்டை மாஸ்க் பண்ணு (கொஞ்ச நேரம் மூடி வை), நாப்பியை ஷெட்யூல் பண்ணு, படிச்ச பிட்டுகளை அக்னாலெட்ஜ் பண்ணிட்டு (பாத்தாச்சுனு கார்டுக்கு சொல்லிட்டு) வா. நம்மளது இல்லங்கறதை ஒழுங்கா சொல்றது ரொம்ப முக்கியம். ஒரே இன்டரப்ட் லைனை ரெண்டு டிவைஸ் ஷேர் பண்ணா, எதுக்கு வம்புனு எப்பவும் "நான் பாத்துக்கிட்டேன்"னு ரிட்டர்ன் பண்ற டிரைவர் நிறைய இருக்கு, அது தப்பு. 1 லட்சம் இன்டரப்ட்ல 99,900க்கு மேல யாரும் உரிமை கொண்டாடலனா கெர்னல் "நோபடி கேர்ட்"னு சொல்லி அந்த லைனையே மூடிடும், பொய் சொன்னா அந்த பாதுகாப்பே போயிடுது. அதே மாதிரி ரெஜிஸ்டர்ல எல்லா பிட்டும் 1ஆ வந்தா கார்டு தூங்குது இல்ல கழண்டுடுச்சுனு அர்த்தம், அதை நிஜ ஈவென்ட்னு நம்பி உள்ள போகக்கூடாது.

லிங்க் மாறினதை பாக்கற கோடுதான் இருக்கறதுலயே மோசம். கேபிளை நேரடியா கையாளற ஃபி சிப் கிட்ட எம்டிஐஓங்கற கன்ட்ரோல் பஸ் வழியா பேசிட்டு, பதில் வர்ற வரைக்கும் வேற வேலை பாக்காம ஹேண்ட்லருக்குள்ளயே பிஸி வெய்ட். அந்த வெய்ட் 1 மில்லிசெகண்ட்னே வெச்சுக்கங்க, வர்ற பேக்கெட்டை வாங்கி வெக்க 256 இடம் (டிஸ்கிரிப்டர்) இருக்கற ரிங் ஃபுல் லோடுல சுமார் 172 மைக்ரோசெகண்ட்ல நிரம்பிடும், மிச்சம் வர்ற பேக்கெட் எல்லாம் அம்போ. இப்ப ஹேண்ட்லர் கெர்னலோட ஃபி லைப்ரரிக்கு ஒரு தகவல் மட்டும் குடுக்குது, மிச்சத்தை அது வொர்க்க்யூல, அதாவது ஹேண்ட்லருக்கு வெளிய பின்னணியில, நிதானமா பாத்துக்கும்.

சின்னதாக்குறப்ப பாத்து பண்ண வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு, போல் ஃபங்ஷனோட கடைசி ரெண்டு வரி. ரிங் காலினு முடிவு பண்ணி நாப்பியை முடிச்சு இன்டரப்டை திறக்கறதுக்குள்ள ஒரு பேக்கெட் வந்துட்டா? சில சிப் திறந்த உடனே மறுபடி இன்டரப்ட் குடுக்கும், சிலது மாஸ்க்ல இருந்தப்ப வந்ததுக்கு இன்டரப்ட் குடுக்க மறந்துடும், அந்த பேக்கெட் ரிங்லயே ஊறிட்டு கிடக்கும். பிங் போட்டா கரெக்டா தெரியும், பதில் டைம் 1000 மில்லிசெகண்டை ஒட்டி வரும், ஏன்னா அடுத்த பிங்கோட பேக்கெட் வந்து எழுப்பினாதான் முன்னது வெளிய வருது. என்னோட சிப் ரெண்டாவது ரகம். அதனால திறந்த பிறகு ஸ்டேட்டஸை ஒரு தடவை படிச்சு, எதாவது இருந்தா நாப்பியை திரும்ப ஷெட்யூல் பண்றேன். அப்புறம் 64ஐயும் முழுசா எடுத்திருந்தா நாப்பியை முடிக்கவே கூடாது, 64னு திருப்பி சொல்லிட்டு சும்மா இருக்கணும், கெர்னலே மறுபடி கூப்பிடும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், ரெண்டு சிபியு ஒரே டேட்டாவை ஒரே நேரத்துல தொடாம தடுக்கற லாக் எல்லாம் ரிசீவ் பக்கம் தானா உதிர்ந்ததுதான். ஒரே நாப்பி ஒரே நேரத்துல ரெண்டு சிபியுல ஓடாதுனு கெர்னலே உத்தரவாதம் தருது, ரிசீவ் ரிங்கை போல் தவிர வேற யாரும் தொடறதில்ல, அப்புறம் அங்க ஸ்பின்லாக் எதுக்கு? டிரான்ஸ்மிட் க்ளீனப்பையும் போலுக்கே மாத்திட்டேன். அனுப்பற க்யூவை நிறுத்தறதும் எழுப்பறதும் ஒண்ணை ஒண்ணு தாண்டிடாம இருக்க, மெமரியை படிக்கற எழுதற வரிசை மாறாம பாத்துக்கற மெமரி பேரியர் மட்டும் போதுமானு இப்ப பாத்துட்டு இருக்கேன், அது உறுதியாகற வரைக்கும் அந்த பக்கத்து லாக் அப்படியே இருக்கட்டும்.