நப்பின்னை என்ற பெயரைச் சான்றிதழில் ஏற்றுவதற்குள்

போன வியாழக்கிழமைதான் மகளின் பிறப்புச் சான்றிதழ் சரியான பெயரோடு கைக்கு வந்தது. மூன்று தடவை அலைந்தேன், அதில் இரண்டு வீண். இன்னும் அந்தக் காகிதத்தை எடுத்து எடுத்து எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர் நப்பின்னை. அதிகம் யாரும் வைக்காத பெயரைக் குழந்தைக்கு வைக்க நினைப்பவர்கள் என்னைப் போல அலையாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர் வந்த கதை. சின்ன வயதில் ஆச்சி எனக்குத் தலைவாரும்போது பெரியாழ்வாரின் காக்கைப் பாட்டைப் பாடுவார். கண்ணனுக்குக் குழல்வார வா என்று யசோதை காக்கையைக் கூப்பிடும் பதிகம். 'பின்னை மணாளனை' என்றுதான் அது தொடங்கும். அந்த முதல் வார்த்தை வரும்போது ஆச்சியின் விரல் என் உச்சியில் வகிடு எடுத்துக்கொண்டிருக்கும். பின்னை என்றால் பின்னல் என்றே ரொம்ப நாள் எண்ணியிருந்தேன். அது கண்ணன் கைப்பிடித்த ஆயர்மகளின் பெயர் என்று ஆச்சிதான் பிறகு சொன்னார். எனக்கு மகள் பிறந்தால் இதுதான் பெயர் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

பின்னை என்றால் பின்னால் பிறந்தவள், தங்கை. மூதேவிக்கு இளையவள் என்பதால் திருமகளுக்கும் அந்தப் பெயர் உண்டு. அதற்கு முன்னால் சிறப்பைக் காட்டும் 'ந' சேரும்போது அடுத்த எழுத்து இரட்டிக்கும். நக்கீரர், நப்பூதனார், நச்செள்ளையார், நப்பசலையார் எல்லாம் இப்படி வந்த பெயர்கள்தான். கடைசி இரண்டு பேரும் சங்ககாலப் பெண்பாற் புலவர்கள். நப்பின்னை, ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் மணந்த பெண் என்பது கதை. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவை ஆடும் ஏழு பெண்களுக்கு ஆயர் மூதாட்டி மாதரி ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டுவாள். குரல் என்பவள் மாயவன், இளி என்பவள் பலராமன், துத்தம் என்பவள் பின்னை. மணிமேகலையில் பிஞ்ஞை என்று வருகிறது. வடமொழி மரபில் நீளாதேவி என்கிறார்கள்.

திருப்பாவையில் 18, 19, 20 என்று மூன்று பாட்டு வரிசையாக இவளைச் சொல்லித்தான் நடக்கும். மார்கழிதோறும் இத்தனை வாய்கள் உச்சரிக்கிற பெயர், குழந்தைகளுக்கு மட்டும் ஏனோ வருவதில்லை. கோதையும் ஆண்டாளும் எனக்குத் தெரிந்த குடும்பங்களிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நப்பின்னை என்று ஒரு குழந்தையைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. என் மகளைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பெயர் இவ்வளவு அரிது என்பதுதான் அலுவலகத்தில் பிரச்சினையே. யாழினி என்றால் தட்டச்சு செய்பவரின் கை தானாக அடித்துவிடும். கேள்விப்படாத பெயர் என்றால் அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்றாக அதை மாற்றிவிடுவார். வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் அவஸ்தை நமக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிரசவம் நெல்லைப் பக்கம் அம்மா ஊரில், ஒரு தனியார் மருத்துவமனையில். பிறப்பை அவர்களே பதிவு செய்துவிட்டார்கள், பெயர் இல்லாத சான்றிதழும் வந்துவிட்டது. பெயரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் 15 வருடம் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு பத்து மாதம் ஓடிவிட்டது. அதில் பாதி, பெயர் விஷயத்தில் மாமியாரைச் சம்மதிக்க வைப்பதிலேயே போனது. "பள்ளிக்கூடத்துல பிள்ளைய கேலி பண்ணுவாங்க" என்றார் அத்தை. அவர் கவலை எனக்கும் புரிந்தது. ஆச்சியைப் போனில் பேச வைத்தேன். இரண்டு பேரும் அரைமணி நேரம் திருப்பாவை பேசினார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் வீண் பயணம் சென்னையிலேயே. எங்கள் பகுதி அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு வரிசையில் நின்றேன், ஒன்றேகால் மணிக்குக் கவுண்டருக்கு வந்தேன். சான்றிதழைப் பார்த்த அடுத்த நொடி, "இங்க பொறந்த குழந்தை இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேயுள்ள பதிவாளரிடம்தான் பெயர் சேர்க்க முடியும். நாம் குடியிருக்கும் ஊர் கணக்கில் வராது. தாய்வீட்டில் பிரசவம் பார்த்தவர்கள் இதை நினைவில் வையுங்கள். வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் இடுப்பில் குழந்தையோடு மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டாம். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது பயணம் இரவுப் பேருந்தில் அம்மா ஊருக்கு. கணவருக்கு விடுப்பு இல்லை, நானும் குழந்தையும் மட்டும். நகராட்சியில் சுகாதாரப் பிரிவு, பிறப்பும் இறப்பும் ஒரே கவுண்டர். விண்ணப்பத்தைப் பார்த்தவர், "அப்பா கையெழுத்து எங்க? அவரு ஆதார் நகல் எங்க?" என்றார். தாயும் தகப்பனும் சேர்ந்து, இந்தக் குழந்தைக்கு இதுவரை வேறு பெயர் பதியவில்லை என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டுமாம். கணவரைப் போனில் பேச வைக்கிறேன், ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டார். அன்று மாலையே பேருந்து ஏறினேன். குழந்தைக்கு வழியெல்லாம் வாந்தி. ஊருக்குக் கிளம்புமுன் அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, என்னென்ன காகிதம், யார் யார் கையெழுத்து என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

மூன்றாவது தடவை கணவரோடு போனேன். காகிதம் எல்லாம் சரி. இப்போது பெயரில் வந்து நின்றது.

"இப்படி ஒரு பேரு கேள்விப்பட்டதே இல்லையேம்மா. பேரு போட்ட பொறகு மாத்த முடியாது, நல்லா யோசிச்சிட்டீங்களா?" என்றார் எழுத்தர். அதில் ஒன்றும் தப்பில்லை. ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் பிறகு வேறு பெயராக மாற்ற மாட்டார்கள். எழுத்துப் பிழை என்றால்தான் திருத்தம் உண்டு. நான் விளக்க ஆரம்பித்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு மூதாட்டி, கணவரின் இறப்புச் சான்றிதழுக்காக வந்தவர், கையில் பிளாஸ்டிக் உறையோடு நின்றிருந்தார். அதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரைக் கேட்டதும் குழந்தையின் காலைத் தொட்டு, "நந்தகோபாலன் மருமகளா நீ?" என்றார். திருப்பாவையில் ஆண்டாள் நப்பின்னையைக் கூப்பிடுவதும் அப்படித்தான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எழுத்தரும் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

திரையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். முகம் சுளித்தாலும் திருப்பிக் காட்டினார். 'நப்பிண்ணை' என்று இருந்தது. மூன்றுசுழி ணகரம் இல்லை சார், இரண்டுசுழி னகரம் என்றேன். மாற்றினார். மறுபடி பார்த்தால் ப் போய், 'நபின்னை' ஆகியிருந்தது. ப் இல்லாவிட்டால் இந்தப் பெயரே இல்லை, நக்கீரரை நகீரர் என்று எழுதுவது போல ஆகிவிடும் என்றேன். "ஓ, அப்படியா" என்று அதையும் சேர்த்தார். தமிழ் சரியாகிவிட்டது. அந்த நிம்மதியில் கீழே இருந்த ஆங்கில வரியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். என் தவறு அதுதான்.

அச்சாகி வந்த சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'பி', ஒரே ஒரு 'என்'. வாசித்தால் நாபினை. "அதெல்லாம் பரவாயில்லம்மா, தமிழ்ல சரியா இருக்குல்லா" என்றார். பரவாயில்லை என்று விட முடியாது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். இதில் உள்ள எழுத்துதான் வாழ்நாள் முழுக்க எல்லா இடத்திலும் போகும். திருத்த வேண்டுமென்றால் தனியாக மனு, விசாரணை, இன்னொரு நாள் வாங்க என்றார்.

இங்கே ஒரு விஷயம் கைகொடுத்தது. விண்ணப்பத்தில் ஆங்கிலப் பெயரைப் பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதியிருந்தேன். அதன் நகல் ஒன்றில் அன்றைய தேதியோடு அலுவலக முத்திரையும் வாங்கி வைத்திருந்தேன். அந்த நகலை எடுத்துக்கொண்டு உள்ளே பதிவாளர் அறைக்குப் போனோம். அவர் விண்ணப்பத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். "இது நம்ம பிழை. இதுக்கு அவங்கள எதுக்குத் திருப்பி வரச் சொல்லுதீங்க?" என்று எழுத்தரைக் கூப்பிட்டுச் சொன்னார். 1969-ம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 15-வது பிரிவு இந்த மாதிரிப் பிழைகளைத் திருத்தத்தான் இருக்கிறது. ஒரு தாளில் மனு எழுதிக் கொடுத்தோம். மறுநாளே சரியாகிவிட்டது, இணையத்திலேயே இறக்கிக்கொண்டோம். அந்தப் பதிவாளருக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

அதனால் முத்திரை போட்ட நகல் இல்லாமல் விண்ணப்பத்தைக் கையைவிட்டு விடாதீர்கள். கொடுக்க மறுத்தால், நீங்கள் விண்ணப்பத்தைக் கையில் பிடித்து ஒரு புகைப்படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தை வீட்டிலேயே முடிவு செய்து, தாயும் தகப்பனும் ஒரே மாதிரி எழுதிப் பழகுங்கள். எங்கள் வீட்டிலேயே நான் இரண்டு 'பி' போடுவேன், கணவர் ஒன்றுதான் போடுவார். கிளம்புவதற்கு முந்தின ராத்திரிதான் அதைக் கண்டுபிடித்தோம்.

சான்றிதழ் கையில் இருக்கும்போதே ஆதாரையும் எடுத்துவிடலாம் என்று இந்தத் திங்கட்கிழமை போனோம். ஐந்து வயதுக்குள் என்பதால் கைரேகை, கண் பதிவு கிடையாது. அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பெயரை ஆங்கிலத்தில் அடிப்பார்கள், தமிழில் கணினியே எழுதிக்கொள்ளும். அந்தத் தமிழை நாம்தான் பார்க்க வேண்டும், அவர்கள் பார்ப்பதில்லை. எங்களுக்குத் திரையில் வந்தது 'நப்பின்னாய்'.

"இதுதானே மேடம்?" என்று கேட்டார் அந்தத் தம்பி. ஒரு நிமிடம் எனக்குப் பதில் வரவில்லை. 18-ம் பாட்டில் கதவைத் திறக்கச் சொல்லி ஆண்டாள் அவளைக் கூப்பிடுவது இதே வார்த்தையில்தான், இதே எழுத்துகளில். இல்லப்பா, இது கூப்பிடும்போது சொல்வது, பெயர் ஐகாரத்தில் முடியும் என்றேன். மாற்றிக் கொடுத்தார். ஒப்புகைச் சீட்டை வாங்கி நானும் கணவரும் ஆளுக்கு ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் எழுந்தோம். அன்று ராத்திரி போனில் ஆச்சியிடம் இதைச் சொன்னேன். போனைக் குழந்தையின் காதில் வைக்கச் சொல்லி, "நப்பின்னாய்" என்று கூப்பிட்டார். மகள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆச்சியைத் தேடினாள்.